அரைப்பேர் என்றால் எத்தனை வீதம்? மலையக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் அதிபர்மாருக்கும் வணக்கம்.

போன தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தரம் 8 கணிதப் பாடத்தில் சதவீதம் நடந்திருக்கிறது. ஒரு வியாபாரி ஒரு பொருளை இத்தனை ரூபாவுக்கு வாங்கி இத்தனை வீத இலாபத்துக்கு விற்றால் என்கிற வழக்கமான கணக்கு. பாதியில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "மிஸ், எங்க அம்மாவோட சம்பளச் சிட்டையில எட்டு வீதம்னு வெட்டியிருக்காங்க, அத எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். கொப்பிக்குள் நாலாக மடித்து வைத்திருந்த சிட்டையை எடுத்து நீட்டியும் இருக்கிறாள். கிடைத்த பதில்: "தோட்டத்துப் பிரச்சினையெல்லாம் ஸ்கூலுக்குள்ள கொண்டு வராத. உள்ள வை."

எந்தப் பாடசாலை, எந்த மிஸ் என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளை யார் என்று நீங்களும் தேட வேண்டாம். அந்த மிஸ்ஸும் கெட்டவர் இல்லை, மழை நாளில் இரண்டு பஸ் மாறி வருகிறவர், பாடத்திட்டம் முடியவில்லை என்று தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து கேட்டது எட்டு வீதத்தைப் பற்றி இல்லை. "அக்கா, நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்?" என்றாள். அதனால்தான் இந்த மடல்.

நான் யார் என்றால், உங்களிடம் படித்தவள்தான். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். நான் இப்போது ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் பார்க்கிறேன். காசு வாங்குவதில்லை. நானும் உங்களில் ஒருத்தியாக ஆகியிருக்க வேண்டியவள். கல்வியியல் கல்லூரி நேர்முகத்துக்கு வரச்சொல்லி வந்த கடிதம் தோட்டத்து ஒபிசில் பதினொரு நாள் கிடந்து, நேர்முகம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. லயத்து வரிசை வீடுகளுக்கு ஏது முகவரி, கடிதமெல்லாம் ஒபிசுக்குத்தானே வரும். யாரோ வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. யாருக்கும் அது அவசரமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்வது அழுவதற்காக இல்லை, பின்னால் ஓர் இடத்தில் இது தேவைப்படும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"நல்லாப் படி, இல்லாட்டி கொழுந்துதான் எடுக்கணும்." இந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் எத்தனை தரம் கேட்டிருப்போம்! தரம் 1இலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் கேட்டிருக்கிறோம், அசெம்பிளியில், பரிசளிப்பு விழாவில், அடி விழுவதற்கு முன்னால், சில நேரம் அடி விழுந்த பிறகும். சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது என்று கொஞ்சம் பாருங்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, சட்டை மாட்டி அனுப்பிவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போன அம்மாவை அந்தப் பிள்ளை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. நீங்கள் தண்டனை என்று சொல்வது அந்த அம்மாவின் வாழ்க்கையை. பிள்ளைக்கு அம்மாவைப் பற்றி வெட்கம் வருவது அப்படித்தான் ஆரம்பிக்கிறது, எனக்கும் வந்தது. தரம் 9 படிக்கும்போது அம்மா கூடையோடு பாதையில் வந்தால் நான் தோழிகளோடு மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அம்மாவுக்கு அது தெரியும் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் அந்த பேனர். பெறுபேறு வந்த மூன்றாம் நாள் சந்தியில் கட்டுவீர்களே, ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம், பக்கத்தில் அதிபரின் படம், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக அரசியல்வாதியின் படம். எனக்கும் அந்த பேனர் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் 38 பேர் இருந்தோம். பேனரில் ஒருத்தி. மிச்சம் 37 பேரில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள், சிலர் வெளிநாட்டில், சிலர் அதே மலையில். அந்த 37 பேருக்கு நாம் கொடுத்த நம்பிக்கை என்ன? தப்பித்துப் போ என்று சொன்னோம், தப்பிக்க முடியாதவர்களிடம் நீ சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டோம். லொத்தர் சீட்டு வாங்குகிறவனுக்கும் நம்பிக்கை இருக்கத்தான் செய்கிறது. அந்த மாதிரி நம்பிக்கையைத்தான் நாமும் வகுப்பறையில் விற்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் மண்டபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளை கேட்டதும் நான் சிட்டையை வாங்கி நிலத்தில் விரித்து வைத்தேன். 2025 ஆடி மாதத்துச் சிட்டை. தலைப்பெல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் பாதிப் பாதி எழுத்தாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகளும் வந்து தலையை நீட்டிவிட்டார்கள். அம்மா 21 நாள் மலைக்குப் போயிருக்கிறார், சிட்டையில் இருப்பதோ 18 பேர். உங்களுக்குத் தெரியாததில்லை, ஒரு நாள் சம்பளத்துக்கு நம் தோட்டங்களில் 'பேர்' என்றுதான் பெயர். செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்தால் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அந்த அம்மாவுக்கு 15 முழுப்பேர், 6 அரைப்பேர், கூட்டினால் 18. தரம் 4 பொடியன் ஒருவன், "அக்கா, அரைப்பேர்னா பேர்ல பாதிய மட்டும் எழுதுவாங்களா?" என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அடிப்படைச் சம்பளம் 2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி ஒரு நாளைக்கு 1350 ரூபா. பதினெட்டால் பெருக்கினால் 24,300. ஊழியர் சேமலாப நிதிக்கு அம்மாவிடம் வெட்டுவது எட்டு வீதம், 1944 ரூபா. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான், ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. ஆனால் பிள்ளைகள் விடவில்லை. வெட்டின காசு எங்கே போகிறது என்றார்கள். கம்பனி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், அது 2916. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம், 729. அந்த மூன்று வீதத்தைச் சம்பளத்தில் கைவைக்காமல் கம்பனிதான் கட்ட வேண்டும். ஒரு பிள்ளை எழுந்து ஓடிப்போய்த் தன் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தது, அந்த அம்மாவுக்கு எட்டு வீதம் மட்டும்தான் தெரியும், பன்னிரண்டு வீதத்தைப் பற்றி இருபது வருடத்தில் யாரும் சொன்னதில்லை. இன்னும் கீழே போனால் தீபாவளி முற்பணம், சங்கத்துச் சந்தா, கோயில் காசு, அப்புறம் தேயிலைத்தூள். ஆமாம், தேயிலைத்தூள். தான் பறித்த கொழுந்தில் அரைத்த தூளுக்குச் சம்பளத்தில் வெட்டு.

அங்கேதான் தரம் 10 படிக்கிற ஒரு பையன் குறுக்கே பேசினான். அவனுடைய அம்மாவும் அதே மலைதான். காலையிலும் பின்னேரமும் கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணிக்கென்று ஒவ்வொரு தரமும் இரண்டு கிலோ கழிக்கிறார்களே, அது சிட்டையில் எங்கே இருக்கிறது என்று கேட்டான். சிட்டையில் அது எங்கேயும் இல்லை. எங்கள் தோட்டத்தில் முழுப்பேருக்கு 18 கிலோ வேண்டும். சிட்டை கொண்டு வந்த பிள்ளையின் அம்மா நிறுவைத் துண்டுகளைச் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கிற பழக்கம் உள்ளவர், ஆகவே அரைப்பேர் விழுந்த ஆறு நாளையும் எடுத்துப் பார்க்க முடிந்தது. 16, 15, 12, 14, 13, 15. கழித்த நாலு கிலோவைத் திருப்பிக் கூட்டினார்கள். ஆறு நாளில் நாலு நாள் 18 கிலோவைத் தொட்டது, ஒரு நாள் 17, ஒரு நாள் 16. நாலு அரைப்பேர் முழுப்பேர் ஆகியிருந்தால் 2700 ரூபா. அந்தப் பிள்ளை தரையில் சுண்ணக்கட்டியால் 2700 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும், கழிக்காமல் நிறுத்தால் கம்பனிக்கு நட்டம், அதையும் அன்றைக்கே பேசினோம். பிள்ளைகளே அதை ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது வேறு: வெயில் நாளிலும் ஏன் அதே இரண்டு கிலோ? இதை அம்மாமார் அடுத்த கிழமை மடுவத்தில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்கள். அவர் முதலில் சத்தம் போட்டார், அப்புறம் வெயில் நாளில் ஒரு கிலோ என்று குறைத்தார். மூன்று கிழமைக்கு அப்படி நடந்தது. பிறகு மறுபடியும் இரண்டு கிலோவுக்கே போய்விட்டது. நான் கதையைக் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை, இதுதான் நடந்தது. ஆனால் இப்போது அம்மாமார் ஆறேழு பேர் துண்டுகளைச் சேர்த்து வைக்கிறார்கள்.

இப்படிப் படிப்பிப்பதற்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. பிரேசிலின் வடகிழக்கில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்று ஓர் ஆசிரியர் இருந்தார், 1921இல் பிறந்து 1997இல் இறந்தவர். நமக்குத் தேயிலை மாதிரி அந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நாட்டில் அப்போது வாக்குரிமை இல்லை, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் அதிலேயே அடிபட்டுப் போவார்கள். 1963இல் அன்ஜிகோஸ் என்கிற சின்ன ஊரில் அவரும் அவரோடு இருந்த மாணவர்களும் கிட்டத்தட்ட 300 பேருக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவித்தார்கள். 'அ, ஆ' என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. அந்த மக்கள் நாள் முழுக்கப் புழங்குகிற ஒரு சொல்லை எடுப்பார்கள், உதாரணமாகக் கட்டட வேலைக்காரர்களிடம் செங்கல். செங்கலை யார் அறுக்கிறார்கள், அது யார் வீட்டுக்குப் போகிறது, அறுக்கிறவனுடைய வீடு எதனால் கட்டியிருக்கிறது என்று முதலில் பேச்சு. அப்புறம்தான் அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்து எழுத்து. அடுத்த வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரைச் சுமார் 70 நாள் சிறையில் வைத்தார்கள், பிறகு பதினாறு வருடம் நாட்டுக்கு வெளியே. எழுத்துச் சொல்லிக் கொடுத்ததற்கு இவ்வளவும். பிள்ளையின் மண்டையை உண்டியலாக நினைத்து வாத்தியார் காசு போடுகிற மாதிரி பாடத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிற படிப்பை அவர் வங்கிமுறைக் கல்வி என்றார். (அவருடைய எழுத்து லேசில் உள்ளே இறங்காது, நான் மூன்று தரம் தொடங்கி நிறுத்தியவள். ஆகவே பெரிதாக விளக்க வரவில்லை.)

செங்கலுக்குப் பதிலாக நமக்கு 'பேர்' இருக்கிறது. ஒரே ஒரு சொல். அதில் எழுத்து இருக்கிறது, கணக்கு இருக்கிறது, வரலாறு இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் அம்மா இருக்கிறார்.

இதைப் பிரேசிலிலிருந்து இறக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்றிருந்த காலத்தில் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி உள்ளே போய்ப் பேசினார் என்று தாத்தாமார் சொல்வார்கள், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாகவே கட்டிச் சனங்களுக்குப் பாடினார். லயத்து வாசலில் நின்று பாடியதும் வகுப்புத்தானே? கரும்பலகைதான் இருந்திருக்காது. அதையெல்லாம் தொலைத்துவிட்டு நாம் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு இருக்கிறோம்.

வரலாற்றுப் பாடத்தையும் சொல்லியாக வேண்டும். நான் படித்தபோது அநுராதபுரத்துக் குளங்களின் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்வேன், இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல விஷயம்தான். தேயிலையும் வந்தது, ஏற்றுமதிப் பயிராக வந்தது. அதைப் பறித்தவர்களுக்கு 1948இல் என்ன நடந்தது என்று பாட்டி சொல்லித்தான் தெரியும். சுதந்திரம் கிடைத்த அதே வருடம் பிரசாவுரிமைச் சட்டத்தால் குடியுரிமை போயிற்று, அடுத்த வருடம் வாக்கும் போயிற்று. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம். ஆட்களை வைத்துப் போட்ட கணக்கு. மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். என் பாட்டியின் தங்கை அங்கே போன பக்கம், பாட்டி இங்கே. கணிதப் பாடத்தில் வகுத்தலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறீர்கள், தலவாக்கலைப் பாதையில் டெவன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். 1977 மே மாதம் அந்த டெவன் தோட்டத்தில்தான் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் செத்தார். ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியை அரசாங்கம் எடுத்துப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தது, சனங்கள் மறித்தார்கள், அந்தத் திட்டம் அதோடு நின்றது. பிள்ளைகள் அருவியைப் பார்க்கட்டும், ஐஸ்கிறீம் குடிக்கட்டும். பஸ்ஸில் திரும்பி ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று இதையும் சொன்னால் என்ன குறைந்து போகும்?

குடியியல் பாடத்தில் பிரதேச சபையின் கடமைகள் என்று பாதை, தெருவிளக்கு, குடிநீர் என்று மனப்பாடம் பண்ண வைக்கிறீர்கள். எல்லாப் பிள்ளைகளும் புள்ளி வாங்குகிறார்கள். வீட்டுக்குப் போகிற பாதை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, அதையும் இதையும் எந்தப் பிள்ளையும் முடிச்சுப் போடுவதில்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டமே தடையாக இருந்தது, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பாடம் ஒரேயடியாக உயிர் பிடித்துவிடும். 2018க்குப் பிறகும் எங்கள் பாதை ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டுமே. அந்தக் கேள்வியைத் தாளில் எழுதி, தபாலில் போட்டு, பதில் வரும்வரை காத்திருப்பதும் குடியியல்தான்.

புவியியல் பாடத்தில் இது உயிரோடு சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்து பார்த்தால் லயமே இல்லை. ஆபத்தான இடம் என்று அதற்கு முன்னமே சொல்லியிருந்தார்கள், சொன்னது கடதாசியிலேயே நின்றுவிட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி என்று எல்லாப் பக்கமும் மறுபடி அதே சத்தம். நிலத்தில் வெடிப்பு, சுவரில் புது விரிசல், சாய்ந்து நிற்கிற மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வருவது, இவற்றைப் பார்க்கப் பிள்ளைகளை ஒரு பாடவேளை லயத்தைச் சுற்றி நடக்க விடலாம். அலங்காரமான வீட்டுவேலை இல்லை, ஆனால் இதைச் செய்த பிள்ளை இரவு மழையில் வீட்டை எழுப்பிவிடும்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன். கூட்டம் கிழமை நாளில், காலை பத்து மணிக்கு. வருகிற அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள், அந்தச் சிட்டையின்படி உங்கள் கூட்டத்துக்கு வர ஒரு அம்மா கட்டிய கட்டணம் 1350 ரூபா. இரண்டு பிள்ளைகள் இரண்டு பாடசாலை என்றால் இரண்டு நாள். வராத அம்மாவைப் பார்த்து, பிள்ளைக்கு முன்னால், "தோட்டத்துச் சனத்துக்குப் படிப்புல அக்கறையே இல்ல" என்று சொல்லிவிடுகிறீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கோ சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறோ வைத்துப் பாருங்கள், இடம் போதாமல் போகும். எங்கள் கோயில் மண்டபத்திலேயே வைக்கலாம், சாவி என்னிடம்தான் இருக்கிறது. அப்படியே, பெற்றோருக்கு அனுப்புகிற கடிதங்களை ஒபிஸ் வழியாக அனுப்பாமல் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும், என் பதினொரு நாள் கதையைத்தான் சொன்னேனே.

உங்கள் பக்கத்தையும் அறியாதவள் இல்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் வெளியேதான் கிடந்தன, எழுபதுகளில்தான் அரசு பொறுப்பேற்றது, அந்தப் பின்தங்கலை இன்றைக்கு உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படிக்க எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அருகில் பாடசாலை இருக்கிறது? கல்வி வலயத்திலிருந்து வருகிறவர் கேட்பது பாடக்குறிப்பையும் சித்தி வீதத்தையும்தான், சிட்டையைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. தோட்டத்தோடு முகம் கோணினால் மைதானத்துக்கும் தண்ணீருக்கும் யாரிடம் போய் நிற்பது என்கிற பயமும் இருக்கிறது, அது பொய்யான பயமும் இல்லை. ஆனால் உங்களில் பலர் ஆசிரிய உதவியாளர்களாக உள்ளே வந்தவர்கள், மாதம் 6000 ரூபா கொடுப்பனவில். அந்தக் காசு பஸ்ஸுக்கே போதாது என்று பாதையில் இறங்கிப் பதாகை பிடித்தவர்கள். அன்றைக்கு உங்களிடம் யாராவது, சம்பளப் பிரச்சினையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வராதீர்கள் என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் கேட்பது கிழமைக்கு ஒரு பாடவேளைதான். சம்பளச் சிட்டை, நிறுவைத் துண்டு, லயத்து விரிசல், பாட்டியின் கதை, எதுவானாலும் பிள்ளை கொண்டு வருவதை வாங்கி மேசையில் வைத்து, அந்தப் பாடத்துக்குள்ளேயே அதைப் பாருங்கள். சங்கம் கட்டச் சொல்லவில்லை, வேலைநிறுத்தம் பண்ணச் சொல்லவில்லை, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் வேறு இருக்கிறார்கள், பேசுவதற்கும் இருக்கிறார்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். நம்பிக்கையூட்டும் பேச்சாளர்களைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்து இரண்டு மணி நேரம் கை தட்ட வைப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. முதல் வேலையாக அந்தக் "கொழுந்துதான் எடுக்கணும்" வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு வலயத்தின் அனுமதி தேவையில்லை.

அந்தப் பிள்ளை கடைசியாக என்னிடம் கேட்டது, சிட்டையை மறுபடி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகலாமா என்று. கொண்டு போ என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதே பையில், அதே கொப்பிக்குள்தான் இருக்கிறது, அடுத்த தவணையில் யாராவது ஒருவருடைய வகுப்பில் அவள் கையைத் தூக்குவாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு நேரில் வந்து பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். ஓட்டோ பிரட்டுக்களம், அதாவது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடம், வரைக்கும்தான் வரும், அதிலிருந்து ஏற்றம். அட்டைப்பூச்சி இருக்கிறது, சப்பாத்துக்குக் கொஞ்சம் உப்புப் போட்டுக்கொண்டு வந்தால் நல்லது. பிளேன்ரி நாங்கள் தருவோம், தூளுக்குச் சம்பளத்தில் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்களிடம் படித்தவள்,
ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து